ஹைஸ்மன் கோப்பையும் ரெஜி புஷ்ஷும்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் (அவர்கள் கால்பந்து, பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவது) ஆண்டின் சிறந்த வீரருக்குத் தருவது ஹைஸ்மன் கோப்பை. 2005-இல் அதை வாங்கியவர் தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரெஜி புஷ்.

மாணவ வீரர்கள் காசு வாங்கக் கூடாது என்பது அப்போதைய விதி. படிக்கும்போதே அவரும் குடும்பமும் விளையாட்டு ஏஜென்டுகளிடம் பணமும் சலுகைகளும் வாங்கினார்கள் என்று விசாரணையில் முடிவானது. பெற்றோர் வாடகை தராமல் ஒரு வீட்டில் இருந்ததும் அதில் சேர்த்தி. 2010-இல் கோப்பையை விட்டுக்கொடுத்தார். வென்றவர்கள் பட்டியலில் 2005-க்கு நேரே பல வருடம் காலியாகவே இருந்தது.

அதே பட்டியலில் 1968-க்கு நேரே ஓ.ஜே. சிம்ப்சன். ஆயுதக் கொள்ளை வழக்கில் 2008-இல் சிறைக்குப் போனவர். அவர் பெயரை யாரும் தொடவில்லை! சரி, அது கல்லூரி முடிந்து பல வருடம் கழித்து நடந்தது, விதி வேறு என்பார்கள். ஆனாலும் உறுத்துகிறது.

2021-இல் மாணவ வீரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம் என்று விதியே மாறிவிட்டது. அப்புறமும் மூன்று வருடம் இழுத்தடித்து, 2024-இல்தான் கோப்பையை புஷ்ஷிடம் திருப்பித் தந்தார்கள்.

ஊக்கமருந்து போட்டு ஓடினால் பறிக்கட்டும், நியாயம். இந்த ஆள் ஓடியது சொந்தக் காலில். காசு வாங்கியதற்குத் தடை விதித்திருக்கலாம், அபராதம் போட்டிருக்கலாம். கோப்பை என்ன செய்தது?