விடுபட்ட பதிவு பூஜ்ஜியமா, வெற்றிடமா? இருதரப்பு வர்த்தகத் தரவைத் தயார் செய்த வழி

வர்த்தக ஒப்பந்தம் ஒன்றின் பலனை ஈர்ப்பு மாதிரி (நாடுகளின் பொருளாதார அளவையும் அவற்றுக்கு இடையிலான தூரத்தையும் வைத்து வர்த்தகத்தை விளக்கும் கணக்கு முறை) கொண்டு அளக்க, எந்த நாடு எந்த நாட்டுக்கு எந்த ஆண்டில் எவ்வளவு விற்றது என்ற அட்டவணை வேண்டும். மூலத் தரவு ஐ.நா.வின் வர்த்தகத் தரவுத்தளமான காம்ட்ரேடில் கிடைக்கிறது. இறக்கியதைப் பயன்படுத்தும் நிலைக்குக் கொண்டுவர நாங்கள் பின்பற்றிய வரிசையும், வழக்கமாகப் பிசகும் இடங்களும் கீழே.

கோப்பு வந்ததும் முதலில் கூட்டிப் பாருங்கள். ஒரு நாட்டின் ஓராண்டு ஏற்றுமதி, அந்த நாடே வெளியிட்ட மொத்தத்தைப் போல இரு மடங்கு வந்தால், ‘உலகம்’ என்ற கூட்டாளிப் பதிவும் (எண் 0) சேர்ந்துவிட்டது என்று பொருள். பொருள்களுக்கான 2, 4, 6 இலக்கச் சுங்கக் குறியீடுகள் ஒரே கோப்பில் கலந்திருந்தால் அதுவே ஆறு மடங்காகும். ஆறு இலக்கத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். குறியீடு உள்ள நெடுவரிசையை எண்ணாகப் படிக்காமல் எழுத்தாகப் படிக்கச் சொல்லுங்கள்; இல்லாவிட்டால் எக்செல் 010121 என்பதை 10121 ஆக்கிவிடும், முதல் ஒன்பது அத்தியாயங்களும் (முதல் இரு இலக்கம் குறிக்கும் பொருள் பிரிவுகள்) கெட்டுவிடும்.

அடுத்தது நாட்டு எண். காம்ட்ரேடில் இந்தியா 699, பன்னாட்டுத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. பட்டியலில் 356. அமெரிக்கா 842, அங்கே 840. பிரான்ஸ் 251, அங்கே 250. தூரம், பொது எல்லை, மொழி ஆகியவை உள்ள கோப்புடன் எண்ணை வைத்து இணைத்தால் இந்தப் பெரிய நாடுகள் எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் உதிர்ந்துவிடும். மூன்றெழுத்துக் குறியீட்டை வைத்து இணையுங்கள். இணைத்ததும் சேராமல் நின்ற நாடுகளின் பட்டியலை ஒவ்வொன்றாகப் படியுங்கள். ‘பிற ஆசியா’ என்று 490-இல் இருப்பது நடைமுறையில் தைவான்தான்.

இனி இந்த வேலையின் உயிர்நாடியான இடம். காம்ட்ரேட் பூஜ்ஜியத்தைப் பதிவு செய்வதில்லை. வர்த்தகம் நடக்காவிட்டாலும் பதிவு இருக்காது. அந்த நாடு அந்த ஆண்டு அறிக்கையே தராவிட்டாலும் பதிவு இருக்காது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். அறிக்கை தராத ஏழை நாட்டின் எல்லா இறக்குமதியையும் பூஜ்ஜியம் என்று நிரப்பினால், ஒப்பந்தத்தில் சேராத அத்தகைய நாடுகள் வர்த்தகமே செய்யாதவை போலத் தோன்றும். ஒப்பந்தத்தின் பலன் ஊதிப்போகும்.

இதற்கு நாங்கள் வைத்த விதி எளியது. இறக்குமதி நாடு அந்த ஆண்டில் யாரிடமிருந்தாவது வாங்கியதாக ஒரு பதிவேனும் தந்திருக்கிறதா? தந்திருந்தால், இல்லாத பதிவு பூஜ்ஜியம். தரவில்லை என்றால் ஏற்றுமதி நாட்டின் பக்கத்தைப் பார்க்க வேண்டும். அது அறிக்கை தந்திருந்தால் அதன் தொகையை எடுக்கலாம், தொகை இல்லையென்றால் பூஜ்ஜியம். இரு பக்கமும் மௌனம் என்றால் அது வெற்றிடம், அப்படியே விடுங்கள்.

இறக்குமதிப் பக்கத்தை முதலில் எடுப்பதற்குக் காரணம் உண்டு. தீர்வை வசூலாகும் இடம் என்பதால் சுங்கத்துறை அங்கே கவனமாகப் பதிகிறது. ஆனால் இறக்குமதித் தொகையில் கப்பல் கட்டணமும் காப்பீடும் சேர்ந்திருக்கும், ஏற்றுமதியில் இருக்காது. பன்னாட்டு நாணய நிதியம் இந்த இடைவெளிக்கு நெடுங்காலம் 10 சதவீதம் வைத்திருந்து, பின்னர் 6 சதவீதமாகக் குறைத்தது. ஒரே விகிதம் கைக்கடிகாரத்துக்கும் சிமெண்டுக்கும் பொருந்தாதுதான். ஆனாலும் ஓர் இறக்குமதி நாட்டின் ஓராண்டு முழுவதையும் எதிர்ப்பக்கத்திலிருந்து எடுத்தால், எந்த விகிதத்தால் பெருக்கினாலும் இறக்குமதியாளர்–ஆண்டு நிலைவிளைவு (ஒவ்வோர் இறக்குமதி நாட்டின் ஒவ்வோர் ஆண்டுக்கும் மாதிரியில் இடும் தனி மாறிலி) அதை உள்வாங்கிக்கொள்ளும். அதே ஆண்டில் சில பதிவுகளை இப்பக்கத்திலிருந்தும் சிலவற்றை எதிர்ப்பக்கத்திலிருந்தும் எடுத்துப் பதிவு பதிவாக ஒட்டுப்போட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். ஒட்டுப்போடாதீர்கள்.

180 நாடுகள், 20 ஆண்டுகள் என்றால் எல்லா ஏற்றுமதி–இறக்குமதி ஜோடிகளும் அடங்கிய முழு அட்டவணை 6,44,400 பதிவுகள். இதில் பேய்ப் பூஜ்ஜியங்களும் நுழையும். தெற்கு சூடான் 2011-க்கு முன் இல்லை. பெல்ஜியமும் லக்சம்பர்க்கும் 1998 வரை ஒன்றாகவே பதிவாயின. ஒவ்வொரு நாட்டுக்கும் தொடக்க ஆண்டு, முடிவு ஆண்டு என்று ஒரு சிறு அட்டவணை போட்டு, அதற்கு வெளியே உள்ளதை நீக்குங்கள்.

பொருள்வாரியாகச் செய்பவர்களுக்கு இதே சிக்கல் வேறு வடிவில் வரும். சுங்கக் குறியீடு 1996, 2002, 2007, 2012, 2017, 2022 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்டது. ஸ்மார்ட்போனுக்கு 851713 என்ற தனி எண் 2022 திருத்தத்தில்தான் வந்தது. அதற்கு முன் மற்ற செல்பேசிகளோடு 851712-இல் இருந்தது. பழைய ஆண்டுகளில் 851713-க்குப் பூஜ்ஜியம் போட்டால், ஸ்மார்ட்போன் வர்த்தகமே அன்று இல்லை என்று ஆகிவிடும். பிரிந்த குறியீடுகளை ஒரே குடும்பமாகக் கூட்டிவிடுவதே எங்கள் தேர்வு; நுணுக்கம் குறையும், பொய் நுழையாது. எல்லா நாடுகளும் திருத்தத்துக்கு ஒரே ஆண்டில் மாறுவதில்லை என்பதால், எந்த நாடு எந்த ஆண்டில் எந்தப் பதிப்பில் அறிக்கை தந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய பூஜ்ஜியங்களை மதிப்பீட்டில் தொலைக்கக் கூடாது. மடக்கை (log) எடுத்தால் அவை விழுந்துவிடும், பூஜ்ஜியத்துக்கு மடக்கை இல்லை. ஒன்றைக் கூட்டி மடக்கை எடுக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது, அது சரியல்ல. 500 டாலர் வர்த்தகத்தை டாலரில் வைத்தால் பூஜ்ஜியத்திலிருந்து 6.2 தொலைவு, ஆயிரம் டாலரில் வைத்தால் 0.41. அலகை மாற்றினாலே விடை மாறுகிறது. பொருளியலாளர்கள் சாண்டோஸ் சில்வாவும் டென்ரெய்ரோவும் 2006-இல் முன்வைத்த பாய்சான் (Poisson) மதிப்பீட்டு முறையில் தொகையை அப்படியே இடலாம், பூஜ்ஜியமும் உள்ளே நிற்கும். புள்ளியியல் மென்பொருள்களான ஸ்டேட்டாவில் (Stata) ppmlhdfe, ஆரில் (R) fixest தொகுப்பு போதும். ஏற்றுமதியாளர்–ஆண்டு, இறக்குமதியாளர்–ஆண்டு, ஜோடி ஆகிய மூன்று நிலைவிளைவுகளையும் இட்டால் உள்நாட்டு உற்பத்தியும் தூரமும் விடைப் பட்டியலிலிருந்து மறையும். பிழையல்ல, அவற்றை நிலைவிளைவுகள் எடுத்துக்கொண்டன.

ஒப்பந்த மாறியின் குணகம் 0.25 வந்தால் அதை 25 சதவீதம் என்று எழுதாதீர்கள், 28.4 சதவீதம் (e-யின் 0.25 அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவது). விடைப் பட்டியலுக்கு மேலே, எத்தனை பதிவுகள் கழிக்கப்பட்டன என்று மென்பொருள் ஒரு எண் காட்டும். எல்லா ஆண்டும் பூஜ்ஜியமாக இருக்கும் ஜோடிகள் அதில் போகும், அது இயல்பு. எதிர்பார்த்ததைவிட மிக அதிகமென்றால் நாட்டுக் குறியீடு இணைந்த இடத்துக்குத் திரும்பிப் போங்கள்.