கசிவு நின்றது, எறும்பு வந்தது

துணியில் கையால் வரைந்து இயற்கைச் சாயம் ஏற்றும் கலம்காரி பழகுகிறேன், ஐந்தாவது துணியில் கோடு கசியவில்லை. நாலு மாதமாக என் புலம்பலைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மயிலின் கழுத்து கழுத்தாகவே நிற்கிறது, சுரைக்காயாக வீங்கவில்லை.

முந்தைய நாலும் ஒரே மாதிரிதான் கெட்டன. காடாத் துணியைக் கஞ்சி போகத் துவைத்து, கடுக்காயும் பாலும் ஏற்றிக் காயவைத்து, கசிமி என்கிற கருப்புச் சாயம் தொட்டுக் கோடு இழுப்பேன். அரை நிமிஷத்தில் கோட்டின் இரண்டு பக்கமும் மயிர் முளைக்கும். முதலில் துணியைச் சந்தேகப்பட்டு நெருக்கமான நெசவாக வாங்கினேன். பிறகு கசிமி நீர்த்துவிட்டதோ என்று மைதாக் கஞ்சி கலந்து பார்த்தேன், அது கலத்தில், அதாவது வரைகிற மூங்கில் குச்சியில் போய் அடைத்துக்கொண்டது. உண்மையில் கசிமியில் ஒரு குறையும் இல்லை. லேத் பட்டறையில் கேட்டு வாங்கிய துருப்பிடித்த இரும்புச் சுருள், பனைவெல்லம், தண்ணீர், வாய் கட்டிய பானையில் 21 நாள். திறந்த அன்று வந்த புளிச்ச வாடையில் என் கணவர் ஒரு வாரம் மொட்டை மாடிப் பக்கமே வரவில்லை.

கடுக்காய்க் கதை தனி. ஆன்லைனில் வாங்கிய தூளைச் சலித்தால் பாதி கொட்டைத் துருவல். 'சுக்குக்குப் புறணி நஞ்சு, கடுக்காய்க்கு அகணி நஞ்சு' என்பது வைத்தியத்துக்குச் சொன்னது என்றாலும், சாயத்துக்கும் தோல்தான் வேண்டும், துவர்ப்பு அதில்தான் இருக்கிறது. கடுக்காய் வாங்கப் போன இடத்திலேயே எனக்குக் கடுக்காய் கொடுத்துவிட்டார்கள். இப்போதெல்லாம் நாட்டு மருந்துக் கடையில் முழுக் காயாக வாங்கி, கொட்டை தட்டி நானே இடித்துக்கொள்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மாசியில் அத்தையை நவக்கிரகக் கோயில்களுக்குக் கூட்டிக்கொண்டு கும்பகோணம் போயிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை 4.30 முதல் 6 வரை ராகு காலம். திருநாகேஸ்வரத்தில் ராகு பகவானுக்குப் பால் அபிஷேகம், மேனியில் பட்ட பால் நீலமாக இறங்கும் என்பார்கள். அந்தக் கூட்டத்தில் நிற்க எனக்குத் தெம்பில்லை. அத்தையையும் என் கணவரையும் ஏற்றி அனுப்பிவிட்டு, காபி தேடி நடந்தேன்.

ஒரு அக்கிரகாரத்துப் பழைய வீடு. திண்ணையில் சாக்கட்டியால் 'காபி, வர்ணம்' என்று எழுதிய சிலேட்டுப் பலகை. உள்ளே முற்றத்தைச் சுற்றி நாலைந்து மேசை, ஒன்று பழைய கதவைப் படுக்கப் போட்டுச் செய்தது, குமிழ்கூட அப்படியே இருக்கிறது. ஒரு சின்னப் பையன் தலையாட்டிப் பொம்மைக்கு மீசை வரைந்துகொண்டிருந்தான். மூலையில் இரண்டு கல்லூரிப் பெண்கள் நெட்டித் தண்டை பிளேடால் தாள் தாளாகச் சீவிக்கொண்டிருந்தார்கள். மேசைக்கு மணிக்கு 150 ரூபாய், காபி தனிக் கணக்கு. பித்தளை டவரா செட்டில் வந்த காபி, சிக்கரி கொஞ்சம் தூக்கல், ஆனால் பாலின் கனம் நாக்கில் நின்றது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நடத்துகிறவர் ஓய்வு பெற்ற டிராயிங் டீச்சர், எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். சுவரில் ஒரு தொம்பை தொங்கியது, தேர்களில் தொங்குமே, அந்த உருளைத் துணி. சிக்கல்நாயக்கன்பேட்டையில் வாங்கியதாம். அந்தப் பக்கத்துக் கருப்பூர் கலம்காரிக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது தெரியும், கையால் தொட்டுப் பார்த்தது அன்றுதான். கருப்புக் கோடு ஊசியால் கீறினது போல இருந்தது. வயிற்றெரிச்சல் தாங்காமல் பையிலிருந்த என் நாலாவது துணியை எடுத்து நீட்டினேன்.

டீச்சர் கோட்டைப் பார்க்கவே இல்லை. டம்ளரில் விரலை நனைத்து, துணியின் வெறும் இடத்தில் ஒரு சொட்டு விட்டார். பட்டதும் உறிஞ்சிக்கொண்டது. அலமாரியிலிருந்து தன் துணி ஒன்றை எடுத்து அதிலும் ஒரு சொட்டு. அது முத்து மாதிரி குந்தியிருந்துவிட்டு, யோசித்து யோசித்து உள்ளே போயிற்று.

"என்ன பால் போட்டே?"

"பாக்கெட் பால், டீச்சர்."

"என்ன கலர் பாக்கெட்?"

"நீலம்."

"அதுல காபியே போட முடியாதேம்மா!"

நீலப் பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம். எருமைப் பாலில் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். இழைக்குள் ஏறி நின்று சாயத்தை ஓடவிடாமல் பிடிப்பது அந்தக் கொழுப்புதான். நானோ பாலை ஏதோ சம்பிரதாயம் என்று நினைத்து, வீட்டில் மிச்சமிருந்ததை ஊற்றிக்கொண்டிருந்தேன். அதையும் காய்ச்சி, ஏடு எடுத்துவிட்டு! ஏட்டைத் தனியாக வைத்து நெய் உருக்கிய சாமர்த்தியத்தை டீச்சரிடம் சொல்லவில்லை.

கலத்துக்கும் டீச்சரிடம் திட்டு விழுந்தது. மூங்கில் குச்சியில் நான் சுற்றியிருந்தது கடை உல்லன் நூல், அது செயற்கை இழை. சாயத்தை உறிஞ்சாது, மொத்தமாகக் கக்கும். டீச்சர் பழைய கம்பளித் துண்டைக் கிழித்துச் சுற்றி, பருத்தி நூலால் இறுக்கிக் கட்டிக் கொடுத்தார். கலத்தைச் செங்குத்தாகப் பிடித்து, கம்பளி உருண்டையை விரலால் லேசாக அமுக்க வேண்டும். பேனா மாதிரி சாய்த்தால் போச்சு. அவர் துணியிலேயே ஒரு கோடு இழுக்கவிட்டார். இழுக்கும்போது அழுக்குத் தண்ணீர் நிறம். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேரச் சேர, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கருத்தது. ஓரம் அசையவில்லை. அதற்குள் என் கணவரிடமிருந்து ஏழு போன். பால் நீலமானதை அத்தை பார்த்துவிட்டார்களாம். என் பால் விவகாரமும் நீலத்தில்தான் வந்து நின்றது என்று சொன்னேன், காரில் யாரும் சிரிக்கவில்லை.

கோவை திரும்பியதும் எருமைப் பாலுக்கு அலைந்தேன். ஒண்டிப்புதூர்ப் பக்கம் ஒருவர் தருகிறார், விடியற்காலை ஐந்தரைக்குப் போக வேண்டும், 'காபிக்கா, தயிருக்கா?' என்று கேட்கிறார், துணிக்கு என்று இன்னும் சொல்லவில்லை. என் அளவு: ஒரு மீட்டர் துணிக்கு ஒரு லிட்டர் காய்ச்சாத பால், கடுக்காய்த் தூள் 100 கிராம். முறுக்கிப் பிழியாமல், கையால் வழித்துவிட்டு வெயிலில் போட்டேன். காய்ந்ததும் சொட்டு வைத்துப் பார்த்தேன். நின்றது. அன்று சாயங்காலமே இரண்டு மயில், ஒரு யாளி, ஓரத்தில் கொடி. யாளிக்கு முகம் பூனை மாதிரி வந்திருக்கிறது, அது என் கை, பாலைக் குறை சொல்ல முடியாது.

அடுத்து படிகாரம், பிறகு சிவப்பு. சிவப்புக்கான சாயவேர் எங்கும் கிடைக்கவில்லை, அதற்குப் பதில் மஞ்சிட்டி வேர் வாங்கி வைத்திருக்கிறேன். சிவப்பு முடிந்ததும் ஓடும் தண்ணீரில் அலச வேண்டும். நொய்யலை நம்பி இறங்க முடியாது. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் தண்ணீர் வந்ததும் கும்பகோணத்துக்கே எடுத்துப்போய்க் காவிரியில் அலசுவதாகத் திட்டம். அத்தைக்குத் திங்களூர் இன்னும் பாக்கி இருக்கிறது, காரணம் தயார். அதற்குள் அடுத்த துணியில் ஒரு சின்னத் தொம்பை போடவும் ஆசை வந்துவிட்டது, கம்பளித் துண்டுக்குப் பழைய துணிக் கடைகளில் சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்போதைய தலைவலி வேறு. பால் ஏறின துணி, போதாததற்குக் கசிமியில் வெல்லம். மறுநாள் காலை பார்த்தால் யாளியின் வாலிலிருந்து மயிலின் கொண்டை வரைக்கும் எறும்பு வரிசை, என் கோட்டை விட நேராக. துணியை உதறிக் கொடி ஸ்டாண்டில் போட்டு, ஸ்டாண்டின் நாலு காலுக்கும் தண்ணீர்க் கிண்ணம் வைத்திருக்கிறேன். அதில் ஒரு கிண்ணம் அத்தையின் பாயசக் கிண்ணம். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.