பனி இறங்குமுன் பழைய பஸ்ஸுக்குப் பெயின்ட்

ஓசூர்க் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றும் 11 மீட்டர் வெள்ளை பஸ். ஐப்பசி மழைக்கும் மார்கழிப் பனிக்கும் முன்னால் வெளிப்பக்கம் முழுக்க அடித்துவிட, புரட்டாசி பிறந்ததும் கிருஷ்ணகிரி ஷெட்டில் நிறுத்தினோம். பத்து நாள் கணக்கு பதினான்கு ஆனது. நிறத்தை மாற்றவில்லை, மாற்றினால் ஆர்.சி.யிலும் (வண்டிப் பதிவுச் சான்றிலும்) மாற்ற வேண்டும்.

லைட், நம்பர் பிளேட், பீடிங் (தகடு சேரும் இடத்தை மூடும் பட்டை), ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். கழற்றாமல் டேப் ஒட்டி அடித்தால் அந்த ஓரத்தில்தான் முதலில் உரியும். பீடிங் வெளியே வந்த பிறகுதான் துரு எதுவரை போயிருக்கிறது என்று தெரிந்தது. பின்சக்கர வளைவை ஒட்டிய கீழ்த்தகட்டில் ஸ்க்ரூடிரைவர் வைத்து அழுத்தினால் உள்ளே போனது. அங்கே பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) அப்பினால் வீண். தண்ணீர் பின்பக்கமிருந்து வருகிறது. பட்டி அதைக் குடித்து வைத்துக்கொண்டு அடுத்த மழையில் பாளமாக விழும். வெட்டி எடுத்து, 18 கேஜ் தகடு வைத்து வெல்டிங் செய்து, உள்முகத்துக்கும் பிரைமர் அடித்தோம். இந்த டிங்கரிங், அதாவது தகடு வேலைக்கு மட்டும் நாலு நாள்.

பட்டியை இறுக்கும் ஹார்டனர் கிலோவுக்கு 20 கிராம். குளிரில் இறுகவில்லையே என்று கூடப் போட்டால், பிறகு வெள்ளைப் பெயின்ட்டில் மஞ்சள் கறையாகக் கசியும். கனம் 3 மில்லிமீட்டரைத் தாண்ட வேண்டாம். 80, அப்புறம் 180 நம்பர் எமரி பேப்பரால் தேய்த்து, மேலே எபாக்ஸி பிரைமர், அது காய்ந்ததும் தண்ணீர் விட்டுத் தேய்க்கும் 400 வாட்டர் பேப்பர்.

நம் பக்கத்து ஷெட்டுகளில் பலரும் கோட்டை விடுவது இந்த வாட்டர் பேப்பரில்தான். போர் தண்ணீர் உப்பு. தேய்த்து அப்படியே காயவிட்டால் வெள்ளைத் திட்டாக உப்பு தங்கும். பெயின்ட்டுக்கு அடியில் அது ஈரத்தை இழுத்து, சில மாதத்தில் கடுகளவு கொப்புளமாகக் கிளம்பும். கடைசி அலசலுக்கு ஒகேனக்கல் குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீர் நாலு குடம் பிடித்து வைத்தோம். ரிவிட், தகடு சேரும் இடங்களில் ஏர் அடித்து, ஒரு முழு வெயில் காயவிட்டோம்.

பக்கவாட்டு, முன், பின், கூரை சேர்த்துச் சுமார் 90 சதுர மீட்டர். பி.யு. (பாலியூரிதேன்) பெயின்ட் 18 லிட்டர், ஹார்டனர் நாலரை, தின்னர் மூன்று. இரண்டு கோட்டுக்குச் சரியாக இருந்தது. (விகிதம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்; டப்பாவில் போட்டிருப்பதே கணக்கு.) ஒரு தடவைக்கு 4 லிட்டருக்கு மேல் கலக்கவில்லை, ஸ்ப்ரே கன்னிலேயே இறுகிவிடும். கோட்டுக்குக் கோட்டு 15 நிமிட இடைவெளி. முகத்தில் துண்டு கட்டிக்கொண்டு பி.யு. அடிக்கக் கூடாது, ஹார்டனர் நுரையீரலுக்கு ஆகாது, வெளியிலிருந்து குழாயில் சுத்தக் காற்று வரும் மாஸ்க் வேண்டும்.

காலை பத்துக்குத் தொடங்கி இரண்டுக்குள் கன்னைக் கழுவிவிட வேண்டும். தகடு தயாரா என்று பார்க்க, ஈரத் துணியால் ஓரிடத்தில் துடைத்துவிடுங்கள். கால் மணி நேரத்தில் அந்த ஈரம் காயாவிட்டால் அடிக்காதீர்கள். பின்பக்கத்தை மட்டும் நாலரை மணிக்குத் தொடங்கினோம். இடி மழை வந்தது. கூரைக்குக் கீழேதான் வண்டி, ஒரு சொட்டு மேலே படவில்லை. ஆனால் காற்றின் ஈரமே போதும், ஹார்டனர் அதோடு சேர்ந்துகொண்டு பளபளப்பு செத்து, ஊசிக்கண் ஓட்டைகள் விழுந்தன. மூன்று நாள் காயவிட்டு, 400-இல் தேய்த்து மறுபடி அடித்தோம்.

ஸ்டிக்கர் ஒரு வாரம் கழித்து: முன்னால் வெள்ளை, பக்கத்தில் மஞ்சள், பின்னால் சிவப்பு. அதற்கு முன் ஒட்டினால் உள்ளிருந்து கிளம்பும் தின்னர் ஆவி ஸ்டிக்கரைத் தூக்கிவிடும்.