பரணில் இருந்து இறங்கிய ஸ்பெக்ட்ரம்

சித்தப்பா 1985-ல் இங்கிலாந்தில் இருந்து திரும்பும்போது வாங்கி வந்த சிங்கிளேர் ஸ்பெக்ட்ரம் பிளஸ் என்ற வீட்டுக் கம்ப்யூட்டர், போன பொங்கலுக்குப் பரணை ஒழித்தபோது கிடைத்தது. அடாப்டர், டிவி வயர் எல்லாம் அதே அட்டைப்பெட்டியில் பத்திரமாக இருந்தன. "சொருகிப் பாருடா, ஓடும்" என்றார். நான் சொருகவில்லை. பழைய கம்ப்யூட்டரை எடுத்திருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வதும் இதைத்தான்: உடனே கரண்ட் கொடுத்துவிடாதீர்கள்.

இதில் 48 கே மெமரி. அதில் கீழ் 16 கே-க்கு 4116 என்ற சிப் எட்டு இருக்கும். அவற்றுக்கு 5, 12, மைனஸ் 5 என்று மூன்று வோல்டேஜ் வேண்டும். மைனஸ் 5 வராமல் மற்ற இரண்டும் வந்தால் சிப் போய்விடும். இந்த வோல்டேஜ்களை உருவாக்கும் சின்ன சர்க்யூட்டில் டிஆர்4 என்ற ட்ரான்சிஸ்டர்தான் அடிக்கடி பழுதாகும்.

அதனால் முதலில், வோல்டேஜைச் சீராக வைக்கும் வயதான எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்களை எல்லாம் மாற்றினேன். சென்னை ரிச்சி தெருவில் சுலபமாகக் கிடைத்தன. புதிதாக ஒரு 9 வோல்ட் அடாப்டரும் வாங்கினேன். இங்கே கவனம் தேவை. ஸ்பெக்ட்ரமுக்கு அடாப்டர் முனையின் நடுவில் மைனஸ் வர வேண்டும். கடையில் கிடைப்பதில் பெரும்பாலும் நடுவில் பிளஸ்தான். வயரை வெட்டி மாற்றிச் சேர்த்து, மல்டிமீட்டரில் இரண்டு முறை பார்த்த பிறகுதான் சொருகினேன். சில நொடிகள் மட்டும் ஆன் செய்து, 4116-ன் முதல் பின்னில் மைனஸ் 5, எட்டாவதில் 12, ஒன்பதாவதில் 5 வருகிறதா என்று பார்த்தேன். மூன்றும் வந்தன. அப்போதுதான் மூச்சு வந்தது.

அடுத்தது படம். படத்தைப் பழைய டிவியின் ஆன்டெனா சிக்னலாக மாற்றும் மாடுலேட்டருக்குள் போகும் இரண்டு வயரையும் கழற்றி, அதன் டிவி சாக்கெட்டின் நடு முனையை உள்ளே இருந்த பழைய இணைப்பில் இருந்து பிரித்து, வீடியோ வயரை நேராக அதிலேயே பற்றவைத்தேன். இப்போதைய டிவியின் ஏவி சாக்கெட்டில் படம் தெளிவாக வந்தது. கறுப்புத் திரை, சிவப்புக் கோடுகள், அப்புறம் வெள்ளைத் திரையின் கீழே 1982 என்ற காப்புரிமை வரி.

ஆனால் க்யூ (Q) முதல் டி (T) வரை ஐந்து எழுத்தும் வேலை செய்யவில்லை. கீபோர்டில் கீகள் ஐந்தைந்தாகத்தான் இணைந்திருக்கும். கீகளுக்கு அடியில் இருக்கும் மெம்பரேன் என்ற பிளாஸ்டிக் தாளின் ரிப்பனில் ஒரு கோடு அறுந்தால் ஐந்தும் போய்விடும். நாற்பது வருடத்தில் அந்தப் பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி ஆகியிருந்தது. ஒட்டிப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். புது மெம்பரேன் இன்றும் தயாரிக்கிறார்கள், வரவழைத்து மாற்றிவிட்டேன்.

இவ்வளவும் சரியான பிறகுதான் அப்கிரேட். பின்பக்க எட்ஜ் கனெக்டரில் டிவ்எம்எம்சி என்ற கார்டைச் சொருகி, எஸ்டி கார்டில் கேம்களைப் போட்டேன். பட்டனை அழுத்தினால் பட்டியல் வரும், தேர்ந்தெடுத்தால் நொடிகளில் கேம் ஓடும். எனக்கு அது பெரிய சந்தோஷம்.

சித்தப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. அவர் காலத்தில் கேம் கேசட்டில் இருந்துதான் ஏறும், ஏறும்போது திரையின் ஓரத்தில் வண்ணக் கோடுகள் ஓடும். "கோடு ஓடணும்டா" என்றார். கார்டைக் கழற்றிவிட்டு, கேமின் கேசட் ஒலி இருந்த என் போனை, கேசட் பிளேயருக்கான இயர் சாக்கெட்டில் இணைத்து, வால்யூமை முழுதாக வைத்தேன். ஜே-யைத் தட்டினார், லோடு என்ற முழுச் சொல்லும் வந்தது. மேற்கோள் குறி எந்தக் கீயில் என்று விரலே தேடிப் போனது. ஐந்து நிமிடம், ஓரத்தில் நீலமும் மஞ்சளுமாகக் கோடு ஓடி முடியும்வரை, அவர் நாற்காலியை விட்டு எழவே இல்லை.