அட்டைப்படம் லண்டனில், பாட்டு மாட்டுப் பண்ணையில்

லண்டன் ஆக்ஸ்போர்டு தெருவின் நெரிசலை விட்டுத் தெற்கே திரும்பினால் பெர்விக் தெரு வந்துவிடும். சோஹோ பகுதி. வரிசையாகத் துணிக்கடைகள், ஓரிரண்டு பழைய ரெக்கார்டு கடைகள், தென்கோடியில் ஒரு காலத்தில் காய்கறிக்குப் பேர்போன சந்தை. மான்செஸ்டர் ஊர் ராக் குழுவான ஒயாசிஸின் ‘(வாட்ஸ் தி ஸ்டோரி) மார்னிங் க்ளோரி?’ ஆல்பத்தின் அட்டைப்படம் எடுத்தது இந்தத் தெருவில்தான்.

அட்டையில் விடியற்காலை நேரம், ஆளரவம் இல்லாத தெரு. நடுவில் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் கடந்து போகிறார்கள். எதிரே வருபவர் டிஜே ஷான் ரௌலி. முதுகு காட்டிப் போகிறவர் அட்டையை வடிவமைத்த பிரையன் கேனன். படமெடுத்தவர் மைக்கேல் ஸ்பென்சர் ஜோன்ஸ். பாடியவர்கள் யாரும் அட்டையில் கிடையாது. ஆனால் மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார்: பின்னால் நடைபாதையில், ஆல்பத்தின் மூல ஒலிநாடாவான மாஸ்டர் டேப்பை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து நிற்கும் தயாரிப்பாளர் ஓவன் மாரிஸ்.

நான் போனபோது மத்தியானம். சரக்கு வேன்களுக்கு நடுவே அர்ஜென்டினா ஜெர்சி போட்ட மூன்று பையன்கள் அதே காட்சியைப் படமாக எடுக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தார்கள். இருவர் நடக்க, ஒருவன் போனைப் பிடித்திருந்தான். “டேப் பிடித்த ஆள் எங்கே?” என்று கேட்டேன். ஒருவன் அட்டையைப் போனில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “அப்படியென்றால் நீங்களே நில்லுங்களேன்” என்றான். சரி என்று, அப்போதுதான் வாங்கிய ரெக்கார்டைப் பையோடு முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நின்றேன். வேன்காரர் ஒருவர் ஹாரன் அடித்தார். படம் எப்படி வந்ததோ, அவர்கள் போனில்தான் இருக்கிறது.

இங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் இதோடு திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. அட்டையில்தான் லண்டன் இருக்கிறது, பாட்டுகள் பிறந்தது வேல்ஸில், ஒரு பண்ணையில்.

பாடிங்டனில் ரயிலேறி நியூபோர்ட்டில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் மான்மவுத் போனேன். அந்த ஊருக்கு இப்போது ரயில் கிடையாது. மான்மவுத் அழகான சிற்றூர். ஐந்தாம் ஹென்றி பிறந்த கோட்டையின் இடிபாடு இருக்கிறது. மானோ ஆற்றுப் பாலத்தின் மேலேயே பழைய காவல் கோபுரம் ஒன்று நிற்கிறது, அதன் வளைவுக்குள் நுழைந்துதான் பாலத்தைக் கடக்க வேண்டும். பிரிட்டனில் இப்படிப் பாலத்தின் மேல் கோபுரம் மிஞ்சியிருப்பது இங்கே மட்டும்தான் என்கிறார்கள். நான் இதிலெல்லாம் அதிகம் நிற்கவில்லை, அந்தப் பண்ணை இருக்கும் ராக்ஃபீல்டுக்கு நடக்க ஆரம்பித்தேன்.

இருபுறமும் வேலிச் செடிகள், வளைவுக்கு வளைவு டிராக்டர். ஒவ்வொரு தடவையும் வேலியோடு ஒட்டி நின்று வழிவிட வேண்டும். ஈரமண்ணும் சாணமும் கலந்த வாசனை. சத்தம் அதிகம் என்று எந்த ஆல்பத்தைக் குறை சொல்லுவார்களோ, அது இப்படியொரு இடத்தில் உருவானது என்பதுதான் எனக்கு வேடிக்கை. ஓவன் மாரிஸ் ஒலி அளவைக் கூரை வரைக்கும் ஏற்றி வைத்தவர். மதுக்கடை ஜூக்பாக்ஸில் அடுத்த பாட்டாக வந்தால் மற்றதெல்லாம் அமுங்கிப்போகும். ஹெட்போனில் முழுதாகக் கேட்டால் எனக்கு எட்டாவது பாட்டில் காது களைத்துவிடும், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ராக்ஃபீல்டு ஸ்டுடியோ, கிங்ஸ்லி வார்ட், சார்லஸ் வார்ட் என்ற சகோதரர்கள் அறுபதுகளில் தங்கள் குடும்பத்தின் பால் பண்ணையில் தொடங்கியது. இசைக்குழுக்கள் அங்கேயே தங்கிச் சாப்பிட்டு ரெக்கார்டு செய்யும் முறைக்கு உலகிலேயே முன்னோடி இதுதான் என்பார்கள். 1975-இல் குவீன் குழுவும் இங்கே வந்திருக்கிறது. ஒயாசிஸ் வந்தது 1995 மே மாதம். கிட்டத்தட்ட நாளுக்கு ஒரு பாட்டு என்ற வேகத்தில் முடித்தார்கள். நடுவில் ஓர் இரவு, குழுவின் பாடகரான தம்பி லியாம் ஊர் மதுக்கடையிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்ததில், பாட்டுகளை எழுதிய அண்ணன் நோயலுக்குக் கோபம் தலைக்கேறி, சண்டை கிரிக்கெட் மட்டை வரைக்கும் போனதாம். இசைப் பத்திரிகைகள் எழுதித் தீராத கதை அது. நோயல் கிளம்பிப் போய், அப்புறம் திரும்பிவந்தார்.

வெளியிலிருந்து பார்த்தால் இன்றைக்கும் அது பண்ணைதான். முற்றத்தைச் சுற்றித் தாழ்வான கட்டடங்கள், கல்சுவர்கள். இன்னமும் வேலை நடக்கும் ஸ்டுடியோ என்பதால் நினைத்த நேரத்துக்கு உள்ளே நுழைய முடியாது. நானும் வாசலோடு நின்றுகொண்டேன்.

அங்கே நின்று அந்த ஆல்பத்தின் ‘டோன்ட் லுக் பேக் இன் ஆங்கர்’ பாட்டைக் கேட்டேன். வரிவரியாக அர்த்தம் தேடினால் அந்தப் பாட்டில் பெரிதாக ஒன்றும் தேறாது. அதனால்தானோ என்னவோ எல்லோருக்கும் பொருந்துகிறது. 2017 மே மாதம், மான்செஸ்டர் குண்டுவெடிப்பில் இறந்தவர்களுக்காக அந்த ஊர்ச் சதுக்கத்தில் மௌன அஞ்சலி முடிந்ததும் ஒரு பெண் இதைத்தான் பாடத் தொடங்கினார், கூட்டம் மொத்தமும் சேர்ந்துகொண்டது. லண்டன் தெருவின் படத்தை ஒட்டி, வேல்ஸ் பண்ணையில் பதிந்து, மான்செஸ்டர்க்காரர்கள் பாடிய பாட்டு. சொந்த ஊருக்குப் போய்ச் சேர இவ்வளவு சுற்று.

போக நினைப்பவர்களுக்கு: ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால் பெர்விக் தெரு போதும், வேன்கள் வருவதற்குள் விடிகாலையில் போய்விடுங்கள். மான்மவுத் என்றால் ஓர் இரவு தங்குவது நல்லது. நல்ல ஷூ, மழைக்கோட்டு இரண்டும் வேண்டும். திரும்பும் கடைசி பஸ்ஸின் நேரத்தை இறங்கியவுடனேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.