ஊற்றுத் தண்ணீர்

போன ஞாயிறு சொந்தக்காரர்களைத் தனுஷ்கோடிக்குக் கூட்டிப்போயிருந்தேன். எல்லோரும் இடிந்த தேவாலயத்தின் முன்னால் செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்க, நான் மட்டும் ஓர் அக்கா மணலில் தோண்டியிருந்த குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். இடுப்பளவு ஆழம்கூட இல்லை. சிரட்டையால், கலங்காமல், மெதுவாக அள்ளிக் குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். வாங்கிக் குடித்தேன், உப்பே இல்லை. இரண்டு பக்கமும் கடல்!

மணலில் இறங்கும் மழைத்தண்ணீர் உப்புத்தண்ணீரைவிட எடை குறைவு, அதனால் கலந்துவிடாமல் அதன் மேலேயே நிற்கிறது. "ஆசப்பட்டு ஆழமாத் தோண்டுனா கரிச்சுப்போகும் தம்பி" என்றார் அந்த அக்கா.

நம்ம பக்கம் கடலோர ஊர் என்றாலும் முதலில் பார்ப்பது நல்ல தண்ணீரைத்தான். பழங்காலத் துறைமுகமான அழகன்குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள், வைகை கடலைத் தொடும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, தோண்டினால் ரோமானியக் காசும் மதுச்சாடி ஓடுகளும் கிடைக்கின்றன. இன்று அந்த வைகையில் மணல்தான் ஓடுகிறது, அது தனிக் கதை.

தனுஷ்கோடி கொஞ்சம் வேறு மாதிரி. இலங்கை கூப்பிடு தூரம் என்பதால் வளர்ந்த ஊர் அது. 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் ரயிலில் வந்து இறங்கி, கப்பலேறித் தலைமன்னார் போனார்கள். எந்த நில முனை அந்த ஊரை வளர்த்ததோ, அதே முனையில் ஒதுங்க இடமில்லாமல் 1964 டிசம்பர் புயலில் ரயிலோடு போய்விட்டது. ஸ்டேஷன் இப்போது குட்டிச்சுவர். ஊற்று மட்டும் சுரக்கிறது.

திரும்பி வந்தால் நம்ம ஆட்கள் வேனில் உட்கார்ந்து 20 ரூபாய் பாட்டில் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறார்கள்.