கேசாங் வணிகர்களின் நாலு மூலைக் கணக்கு

கொரியாவின் கேசாங் நகரத்துக்கு இன்னொரு பெயர் சொங்டோ. கொர்யோ அரசின் தலைநகராக இருந்த ஊர். 1392ல் ஜோசான் அரசு வந்தபின் அந்தப் பெருமை போய், வியாபாரமே ஊரின் பிழைப்பானது. ஜின்செங் என்ற மருந்து வேர் அதில் முக்கியச் சரக்கு. அங்கே வளர்ந்த இரட்டைப் பதிவுக் கணக்குக்கு, அதாவது ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் இரண்டு பக்கமும் எழுதும் கணக்குக்கு, 'சாகே' முறை என்று பெயர். மரப்பெட்டியின் மூலையில் பலகைகள் பல்லுக்குப் பல் கோத்து நிற்குமே, அந்தப் பொருத்துக்கும் சாகே என்றுதான் பெயர். இங்கே கோத்து நிற்பவை நாலு: வரவேண்டியது, கொடுக்கவேண்டியது, லாபம், நஷ்டம்.

முதலில் நாள்வழி, அன்றாடம் நடந்ததை வரிசையாக எழுதும் ஏடு. பணம் கல்லாவுக்கு வந்தால் வரியில் 'மேல்' என்ற சீன எழுத்து, போனால் 'கீழ்' என்ற எழுத்து. காலையில் கையிருப்பு 120 நியாங் (அந்தக் காலத்துக் கொரியப் பணம்) என்று வைத்துக்கொள்வோம். ரொக்க விற்பனை 80, மேல். செலவு 30, கீழ். சாயங்காலம் பெட்டியில் 170 இருக்க வேண்டும். குறைந்தால் அன்றைக்கே தேட வேண்டும். ரொக்க வரவுசெலவுக்கு ஒரே வரிதான், எதிர்ப்பக்கம் கல்லா என்பது சொல்லாமலே புரியும். மேலோட்டமாகப் பார்க்கிறவர்கள் இதை ஒற்றைப் பதிவு என்று நினைத்துவிடுவது இதனால்தான்.

கடனுக்கு 300 நியாங் ஜின்செங் வாங்கினால் இரண்டு வரி வேண்டும். விற்றவர் பெயரில் 300 'உள்ளே', ஜின்செங் பெயரில் 300 'போனது'. சரக்கையும் ஓர் ஆளாக்கி, அதற்குக் கடன் கொடுத்ததுபோல் எழுதுவதுதான் இதன் அழகு. பிறகு பேரேடு, நாள்வழி வரிகளை ஆள்வாரியாகப் பிரித்து ஏற்றும் ஏடு: வரவேண்டியவர்களுக்கு ஒன்று, கொடுக்கவேண்டியவர்களுக்கு ஒன்று. பேரேட்டில் ஏற்றிய வரிக்கு நாள்வழியில் அடையாளம் போட வேண்டும். அது விட்டுப்போனால் அதே வரி இரண்டு முறை ஏறிவிடும். தீர்ந்த கணக்கின் மேல் பெருக்கல் குறி போன்ற கோடுகள் விழும். அடியில் உள்ள எழுத்தை அப்போதும் படிக்கலாம்.

கடைசியில் ஐந்தொகை, எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துச் சரிபார்க்கும் கணக்கு. கையிருப்பு, சரக்கு, வரவேண்டியது மூன்றையும் கூட்டி, போட்ட மூலதனத்தையும் கொடுக்கவேண்டியதையும் கழித்தால் ஒரு தொகை வரும். லாபத்தில் நஷ்டத்தைக் கழித்தால் இன்னொன்று. இரண்டும் ஒன்றானால் மூலை பொருந்திவிட்டது.

இரட்டைப் பதிவு என்றால் இத்தாலியின் வெனிஸ் வணிகர்களைத்தான் வழக்கமாகச் சொல்வார்கள்; கேசாங் முறை அதற்கு முந்தியதா என்ற வாதத்தில் எனக்கு ஈடுபாடில்லை. கொர்யோ காலத்து ஏடு எதுவும் கைக்குக் கிடைக்கவில்லை. ஆனால் 1887 முதல் 1912 வரை ஒரு கேசாங் குடும்பம் எழுதிய 14 ஏடுகள் இருக்கின்றன. 2014ல் தென்கொரியா அவற்றைப் பண்பாட்டுச் சொத்தாகப் பதிவு செய்தது. 1916ல் ஹியோன் பியோங்ஜு இந்த முறைக்குத் தானே கற்கும் கையேடும் எழுதினார்.

இந்த முறையிலும் ஒரு தவறு பிடிபடாது. ஒருவர் கடனை இன்னொருவர் பெயரில் ஏற்றிவிட்டால் கூட்டுத்தொகை அப்படியே சரியாக நிற்கும். நாள்வழியையும் பேரேட்டையும் வரிக்கு வரி ஒத்துப் பார்த்தால்தான் அது வெளியே வரும்.